அலாரம் அடித்தால் ஆளை எழுப்பும் தொலைபேசி: சரியாக அமைப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: ஒரு குளிர்பதனக் கிடங்கின் உறை அறைகள், ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றின் அலாரங்கள் ஒரு சிறிய லினக்ஸ் கணினிக்கு வருகின்றன. அதில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளை நிறுவி, கணினியை லேண்ட்லைனோடு இணைக்கும் கேட்வே பெட்டி வழியாக நான்கு பேருக்குத் தானியங்கிக் குரல் அழைப்பு போகிறது. எடுப்பவர்களுக்குச் செய்தியின் பின்பாதிதான் கேட்கிறது. யாருமே எடுக்காத இரவிலும் லாகில் ‘வெற்றி’ என்று பதிவாகிறது. சில நாள் நான்கு பேருக்கும் மாறி மாறி அழைப்பு போய், யார் கிளம்புவது என்று குழப்பம். எப்படிச் சரிசெய்வது?

மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். லைன் இணைந்தது, ஒலிக்கோப்பு ஓடி முடிந்தது, ஆகவே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று உங்கள் அமைப்பு நம்புகிறது. ஒருவர் கேட்டு, புரிந்துகொண்டு, பொறுப்பேற்பதாகக் கீயை அழுத்தும்வரை எந்த அழைப்பையும் வெற்றி என்று எழுதக்கூடாது. இந்த ஒரு விதியை நடுவில் வைத்து மற்றதையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டினால், உங்கள் மூன்று புகார்களில் இரண்டரை தானாகவே தீர்ந்துவிடும்.

பாதிச் செய்தி விழுங்கப்படுவதில் தொடங்குகிறேன். அனலாக் லேண்ட்லைனில் எதிர்முனையில் ஆள் எடுத்தாரா இல்லையா என்ற தகவல் பெரும்பாலும் வந்து சேராது. எண்ணை டயல் செய்து முடித்த கணமே ‘பதில் கிடைத்தது’ என்று ஆஸ்டரிஸ்க் எடுத்துக்கொள்ளும். பல கேட்வேக்களும் அப்படித்தான். அங்கே மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே பேச்சு ஓடத் தொடங்கிவிடும். பன்னிரண்டு நொடிச் செய்தியில் ஆறாவது நொடியில் போனை எடுத்தவருக்குக் கடைசி ஆறு நொடிதான் கிடைக்கும். யாரும் எடுக்காவிட்டாலும் கோப்பு முழுதாக ஓடி முடிந்திருக்கும், லாகில் ‘வெற்றி’ விழுந்திருக்கும். உங்கள் முதல் புகாரும் இரண்டாவது புகாரும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஆள் எடுத்த நொடியில் லைனின் மின்முனையை மாற்றிக் காட்டும் வசதியைச் சில தொலைபேசி நிலையங்கள் தருகின்றன. போலாரிட்டி ரிவர்சல் என்று கேளுங்கள். அது கிடைத்தால், ஆஸ்டரிஸ்க்கில் அனலாக் லைன் கார்டுகளுக்கான டாடி (DAHDI) அமைப்புக் கோப்பில் அதற்கென்றே உள்ள ‘ஆன்சர் ஆன் போலாரிட்டி ஸ்விட்ச்’ அமைப்பை இயக்குங்கள். கேட்வே என்றால் அதன் மெனுவில் இதே பெயரில் அல்லது இதற்கு நெருங்கிய பெயரில் ஒன்று இருக்கும். இரண்டாவது வழி, அனலாக் லைனையே விட்டுவிட்டு, இணையவழித் தொலைபேசி இணைப்பான சிப் (SIP) டிரங்குக்கு மாறுவது. சிப்பில் மணி அடிக்கும்போது 180, வலையமைப்பின் பதிவுக்குரல் ஒலிக்கும்போது பெரும்பாலும் 183, உண்மையில் எடுத்தால் 200, லைன் பிஸி என்றால் 486 என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வரும். ‘நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்ற குரலை உங்கள் அமைப்பு மனிதர் என்று எண்ணி அதனிடம் அலாரம் சொல்லிக்கொண்டிருக்கும் கூத்து பெருமளவு குறையும். புதிதாக அமைப்பவர் என்றால் சிப்பைத்தான் பரிந்துரைப்பேன்.

எந்த லைனாக இருந்தாலும் செய்தியை ஒருமுறை ஓட்டிவிட்டு வைத்துவிடாதீர்கள். இணைந்ததும் ஒன்றரை நொடி மௌனம், பிறகு செய்தி, பிறகு நான்கு நொடி காத்திருப்பு, மறுபடி செய்தி. இப்படி நான்கைந்து சுற்று. தூக்கத்திலிருந்து எழுபவர் போனைக் காதுக்குக் கொண்டுபோய் ‘ஹலோ, யாரு?’ என்று கேட்டு முடிப்பதற்குள் முதல் சுற்று போய்விடும், அது போகட்டும். டயல்பிளானில், அதாவது அழைப்பின்போது என்னென்ன நடக்க வேண்டும் என்று ஆஸ்டரிஸ்க்குக்கு எழுதித்தரும் நிரலில், இதற்குப் ‘பிளேபேக்’ கட்டளை வேண்டாம். ‘ரீட்’ அல்லது ‘பேக்கிரவுண்ட்’ பயன்படுத்துங்கள். பிளேபேக் ஓடும்போது அழுத்திய கீ கணக்கில் வராது. மற்ற இரண்டும் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே கீயை வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்திவிடும். மூன்றாம் முறை அதே அலாரத்துக்கு எழுப்பப்படுபவர் செய்தியை முழுதாகக் கேட்கப் பொறுமையோடு இருக்க மாட்டார். உடனே ஒன்றை அழுத்துவார். அது வேலை செய்ய வேண்டும்.

வாய்ஸ்மெயிலுக்கு வருவோம். ஆள் எடுக்காமல் வாய்ஸ்மெயில் எடுத்தால், தொலைபேசி வலையமைப்பின் கண்ணுக்கு அதுவும் முறையான பதில்தான். இதைக் கண்டுபிடிக்க ஆஸ்டரிஸ்க்கில் ஏஎம்டி என்றொரு செயலி இருக்கிறது. எதிர்முனையில் எவ்வளவு நேரம் பேச்சு, எவ்வளவு நேரம் மௌனம் என்று அளந்து ஊகிப்பதுதான் அதன் வேலை. ‘ஹலோ’ என்று சொல்லி நிறுத்தினால் மனிதர், நீளமாகப் பேசினால் இயந்திரம். நடுராத்திரியில் எழுந்தவர் எதுவும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் எதையோ சொல்லிக்கொண்டே எடுப்பார். அவரை இயந்திரம் என்று முடிவுகட்டி அமைப்பு லைனைத் துண்டித்தால் என்ன ஆகும்? விளம்பர அழைப்பு விடுபவர்களுக்கு நூற்றில் ஐந்து தவறினால் நஷ்டமில்லை. அலாரத்துக்கு அந்த ஊகம் வேண்டவே வேண்டாம். கீ வரவில்லை என்றால் வெற்றியில்லை என்ற விதி வாய்ஸ்மெயிலையும் சேர்த்தே சமாளித்துவிடும், ஏனென்றால் வாய்ஸ்மெயில் கீ அழுத்தாது.

பெரும்பாலும் அழுத்தாது என்று திருத்திக்கொள்ளலாம். வாய்ஸ்மெயிலின் ‘பீப்’ ஒலியையோ ஒருவருடைய குரலையோ கீயின் ஒலி என்று கணினி தவறாக எடுத்துக்கொள்வது அரிதாக நடக்கும். பாக்கெட்டுக்குள் தானாக அழுந்தும் கீயும் உண்டு. அதனால் ஒற்றை இலக்கத்தைவிட இரண்டு இலக்கம் நல்லது. ‘பொறுப்பேற்க நான்கு, ஏழு அழுத்தவும்’ என்று ஒவ்வொரு அலாரத்துக்கும் வேறு வேறு எண் சொல்லவைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கேட்காமல் அழுத்த முடியாது. அரைத்தூக்கத்தில் பழக்கதோஷமாக ஒன்றை அழுத்திவிட்டுத் திரும்பிப் படுப்பவரை இது ஓரளவுக்கு விழிக்கவைக்கும்.

கீயே வந்து சேரவில்லை என்ற புகார் அடுத்து வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தொலைபேசிக் கீ ஒவ்வொன்றும் இரண்டு அதிர்வெண்களின் கலவை. ஒன்றாம் கீ என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்தது. 1963-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இந்த டிடிஎம்எஃப் முறை, செப்புக் கம்பியை மனதில் வைத்துச் செய்தது. குரலை இறுக்கிச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக் வழியே இந்த ஒலியை அப்படியே அனுப்பினால் சிதைந்துவிடும். ஆகவே டிரங்கில் கோடெக்கை ஜி.711 என்று வையுங்கள். கீயை ஒலியாக அனுப்பாமல் தனித் தகவலாக அனுப்பும் ஆர்எஃப்சி 4733 முறையை இரண்டு பக்கமும் தேர்ந்தெடுங்கள். சில மெனுக்களில் அது இன்னும் பழைய 2833 என்ற எண்ணிலேயே இருக்கும், இரண்டும் இணைந்து வேலை செய்யும். ஒரு பக்கம் இது, மறுபக்கம் கீயை ஒலியாகவே அனுப்பும் ‘இன்பேண்ட்’ என்று இருந்தால், சோதனை செய்யும்போது சில போன்களில் கீ வரும், சிலவற்றில் வராது. ஆளைக் குறைசொல்லும் முன் இதைப் பாருங்கள்.

இப்போது நேரக் கணக்கு. பலர் தொடாமல் விட்டுவிடும் இடம் இது, நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான். அழைப்பைத் தொடங்க நீங்கள் கால் ஃபைல் (யாரை, எப்படி அழைப்பது என்று எழுதி ஆஸ்டரிஸ்க்கிடம் கொடுக்கும் சிறு கோப்பு) பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் ஆஸ்டரிஸ்க் எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் இவை: மணி அடிக்கும் நேரம் 45 நொடி, மறுமுயற்சிக்கு முன் இடைவெளி 300 நொடி, மறுமுயற்சி எண்ணிக்கை பூஜ்யம். மறுமுயற்சியை ஒன்று என்று மட்டும் மாற்றினால், ஒருவரை இரண்டு முறை அழைக்க 45, 300, 45 ஆக 390 நொடி. நான்கு பேரும் எடுக்கவில்லை என்றால் 26 நிமிடம் கரைந்துவிடும். இதையே 30 நொடி மணி, 20 நொடி இடைவெளி, மறுபடி 30 நொடி மணி என்று வைத்தால் ஆளுக்கு 80 நொடி. நான்கு பேருக்கும் ஐந்தரை நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இடைவெளியைக் குறைப்பதில் இன்னொரு ஆதாயம் உண்டு. இரவில் பலர் போனைத் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் வைத்துவிட்டுப் படுப்பார்கள். அந்த நிலையிலும், ஒரே எண்ணிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கவிடும் வசதி ஐபோனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதற்கு 15 நிமிட அவகாசம். ஐந்து நிமிட இடைவெளி விட்டு அழைக்கும் உங்கள் அமைப்பு ஐபோன்காரரை எத்தனை முறை அழைத்தாலும் முதல் அழைப்பாகவே கருதப்படும். அதை மட்டும் நம்ப வேண்டாம், கூடுதலாக இதையும் செய்யுங்கள்: அலாரம் எண்ணை நான்கு பேரும் தொடர்புப் பட்டியலில் சேமிக்க வேண்டும், ஐபோனில் அந்தத் தொடர்புக்கு ‘எமர்ஜென்சி பைபாஸ்’ இயக்க வேண்டும், ஆண்ட்ராய்டில் அதை நட்சத்திரத் தொடர்பாக்கி விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எமர்ஜென்சி பைபாஸ் போன் சைலண்டில் இருந்தாலும் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் நட்சத்திரம் அந்த அளவுக்குப் போகாது. மணியொலியின் அளவைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். தெரியாத எண்களை ஊமையாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் சேமிக்காத எண்ணுக்கு மணியே அடிக்காது. இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் அழைப்பு எப்போதும் ஒரே எண்ணிலிருந்து போக வேண்டும். இரண்டு லைன் இருந்தால் இரண்டு எண்ணையும் ஒரே தொடர்பின் கீழ் சேமிக்கச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, ட்யூட்டியில் சேரும்போது அவரவர் போனை வாங்கி நீங்களே செய்துகொடுங்கள்.

கால் ஃபைலில் பலரைக் கடிக்கும் ஒரு சிறு விஷயம்: ஆஸ்டரிஸ்க் கால் ஃபைல்களை எடுத்துக்கொள்ளும் அவுட்கோயிங் அடைவுக்குள் கோப்பை நேரடியாக எழுதக்கூடாது, நகல் எடுக்கவும் கூடாது. பாதி எழுதிய நிலையிலேயே ஆஸ்டரிஸ்க் அதைப் படித்துவிடும். அதே டிஸ்க் பகுதியில் வேறு அடைவில் எழுதி முடித்து, பிறகு நகர்த்துங்கள். கோப்பின் மாற்ற நேரத்தை எதிர்காலத்தில் வைத்தால் அந்த நேரத்தில்தான் அழைப்பு போகும், அடுத்தவருக்கான அழைப்பை முன்கூட்டியே வரிசையில் வைக்க இது வசதி. ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. முதலாமவர் பொறுப்பேற்றதும் காத்திருக்கும் கோப்புகளைத் தேடி அழிக்க வேண்டியிருக்கும், அதில் ஒன்று தப்பினாலும் மூன்றாமவர் வீணாக எழுப்பப்படுவார்.

உங்கள் மூன்றாம் புகாரின் மருந்தும் இங்கேதான் இருக்கிறது. அழைப்பது ஆஸ்டரிஸ்க்கின் வேலை; யாரை, எப்போது, ஏன் அழைப்பது என்று தீர்மானிப்பது அதன் வேலையாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரு வரி என்று எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தளத்தில் ஒரு சிறிய அட்டவணை வையுங்கள். அலாரம் எழுந்த நேரம், இப்போதைய நிலை, யாருடைய முறை, யார் ஏற்றார், எப்போது ஏற்றார். நிலை என்பது நான்கில் ஒன்று: புதியது, அழைப்பில் உள்ளது, ஏற்கப்பட்டது, தீர்ந்தது. ஒரு சின்ன நிரல் சில நொடிக்கொருமுறை இந்த அட்டவணையைப் பார்த்து அடுத்த அழைப்பை விடட்டும். கணினி நடுவில் நின்று மறுபடி எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கீ அழுத்தினால் முதலாமவருக்கு ‘உங்கள் பொறுப்பில் பதிவாகிவிட்டது’, இரண்டாமவருக்கு ‘ஏற்கெனவே இன்னார் ஏற்றுவிட்டார்’ என்று சொல்ல வேண்டும். யாராவது ஏற்றதும், அதற்குமுன் அழைத்து எழுப்பிய மற்றவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். இது இல்லாததால்தான் அவர் போவார் என்று இவரும், இவர் போவார் என்று அவரும் இருந்துவிடுகிறார்கள்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். சில நிமிடங்களில் பெருஞ்சேதம் விளையும் அலாரம் என்றால் சரி. மற்றதற்கு வரிசைதான் நல்லது. நான்கு பேருக்கும் பொதுவான பொறுப்பு என்பது நடைமுறையில் யாருடைய பொறுப்பும் அல்ல. முறைப் பட்டியலில் இன்றைக்கு முதல் ஆள் இவர் என்று தெளிவாக இருக்கட்டும். அவரால் முடியாத நேரத்தில் வேறொரு கீயை அழுத்தி உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் வசதியும் கொடுங்கள். அந்தக் கீ இல்லையென்றால், ஊரில் இல்லாதவர் அழைப்பை எடுக்காமலே விட்டுவிடுவார், அந்த 80 நொடி வீணாகும்.

ஏற்பதற்கும் காலாவதி வேண்டும். கீயை அழுத்தியதும் அலாரம் என்றென்றைக்கும் அடங்கிவிட்டால், அழுத்திவிட்டுத் தூங்கிப்போனவர் கிடங்கையே கவிழ்த்துவிடுவார். ஏற்ற 30 நிமிடத்துக்குப் பிறகும் அறை வெப்பநிலை இறங்கவில்லை என்றால் முதலில் ஏற்றவரையே அழைக்கட்டும், அவரும் பதிலளிக்கவில்லை என்றால் வரிசை மறுபடி தொடங்கட்டும். 30 என்பது ஓர் எடுத்துக்காட்டுதான். சரியான எண்ணை நீங்கள்தான் கணக்கிட வேண்டும்: கம்ப்ரஸர் நின்றபின் சரக்கு கெட எவ்வளவு நேரம் ஆகும், அதில் ஆள் வந்துசேரும் நேரத்தையும் பழுது பார்க்கும் நேரத்தையும் கழியுங்கள். மிச்சமிருப்பதுதான் தொலைபேசிக்கு உள்ள மொத்த அவகாசம். மணி அடிக்கும் நேரம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாமே அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் இந்தக் கணக்கு வேறு வேறாக வரும், ஒரே பட்டியலை எல்லாவற்றுக்கும் ஓட்டாதீர்கள்.

எது போனில் பேசத் தகுதியுள்ள அலாரம் என்பதையும் கறாராகத் தீர்மானியுங்கள். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளுக்கான ஈமுவா 191 வழிகாட்டி, விழித்து உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கே சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்பதைத்தான் தாங்கக்கூடிய அளவு என்கிறது. அதில் உயர் முன்னுரிமை பெறுபவை நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்க வேண்டும் என்கிறது. தூங்கும் மனிதருக்கு அதிலும் சிறு பங்குதான் போக வேண்டும். என் அளவுகோல் எளிது. இப்போதே எழுந்து ஒருவர் எதையாவது செய்தாக வேண்டுமா? ஆம் என்றால் அழைப்பு. காலையில் பார்த்தால் போதும் என்றால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ. ‘தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்’ என்பதற்காக அழைக்க ஆரம்பித்தால் மூன்றாம் வாரம் யாரும் எடுக்க மாட்டார்கள், அந்த வாரம்தான் கம்ப்ரஸர் நிற்கும்.

உறை அறைக்கு இன்னொன்று. மைனஸ் 18 டிகிரியில் வைக்கும் அறைக்கு மைனஸ் 15-இல் அலாரம் வைத்தால், கதவு திறக்கும்போதும், படிந்த பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஓடும்போதும் சென்சார் அதைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். ஒவ்வொரு தொடலுக்கும் ஒரு புது அலாரம், ஒரு புது அழைப்பு. ஆகவே எல்லையைத் தாண்டிய நிலை தொடர்ந்து சில நிமிடம் நீடித்தால்தான் அலாரம் எழ வேண்டும். அலாரம் தீர, எல்லைக்கு உள்ளே ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும். டெட்பேண்ட் எனப்படும் இந்தக் கூடுதல் இடைவெளியும் தாமதமும் இல்லாத அமைப்பில் தொலைபேசியை இணைப்பது வம்பை விலைகொடுத்து வாங்குவது. மின்சாரம் போனால் மூன்று அறை, பம்ப், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே நொடியில் கத்தும். அவற்றை அரை நிமிடம் சேர்த்துவைத்து ‘மின்தடை, ஐந்து அலாரங்கள்’ என்று ஒரே அழைப்பாகச் சொல்லவையுங்கள்.

குரலைப் பற்றி. தொலைபேசி லைனில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். கணினி ஸ்பீக்கரில் அருமையாகக் கேட்கும் பதிவு அங்கே மங்கிவிடும். ஒலிக்கோப்பை 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று மாற்றி வையுங்கள். நிலையான வாசகங்களை நல்ல உச்சரிப்புள்ள ஒருவரைக்கொண்டு நிதானமாகப் பதிவு செய்வதே சிறந்தது. தமிழை வாசிக்கும் ஈஸ்பீக் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு, ஆனால் அந்த இயந்திரக் குரலில் தூக்கக் கலக்கத்தில் அறைப் பெயரைப் பிரித்தறிவது சிரமம். அளவீட்டு எண்களில்தான் சிக்கல் வரும். நூறு, இருபது, ஐந்து என்று தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் ‘நூறு இருபது ஐந்து’ என்று ஒலிக்கும், அது 125 என்று யாருக்கும் உறைக்காது; நூற்று, இருபத்து என்ற இணைப்பு வடிவங்களையும் தனியாகப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தாலும் ஐம்பதும் எண்பதும், அறுபதும் எழுபதும் மோசமான லைனில் ஒன்றுபோலக் கேட்கும். அதற்குப் பதிலாக ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். ‘மைனஸ், ஒன்று, ஒன்று, டிகிரி’. பத்து இலக்கம், மைனஸ், டிகிரி என்று பன்னிரண்டு சொல் பதிந்தால் வேலை முடிந்தது. மைனஸைச் சத்தமாகச் சொல்லவையுங்கள்.

செய்தியின் வரிசை: முதலில் இடம், பிறகு என்ன நடந்தது, பிறகு அளவு, கடைசியில் கீ. ‘வணக்கம், இது தானியங்கி அறிவிப்பு’ என்று ஆரம்பித்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். எண்ணைப் பார்த்தாலே யாரென்று தெரியும். ‘உறை அறை இரண்டு. வெப்பம் கூடிவிட்டது. இப்போது மைனஸ் ஒன்று ஒன்று. பொறுப்பேற்க நான்கு ஏழு. அடுத்தவருக்கு அனுப்ப ஒன்பது ஒன்பது.’ பத்து நொடியில் முடிந்துவிடும். அளவை அலாரம் எழுந்தபோது இருந்ததாகச் சொல்லாமல், பேசும் அந்த நொடியில் சென்சாரைப் படித்துச் சொல்லுங்கள். நான்காவது ஆளை எட்டும்போது முதல் அளவு பழசாகியிருக்கும்.

மின்தடையைச் சொல்ல வேண்டிய அமைப்பு மின்தடையில் சாகக்கூடாது. பழைய செப்பு லேண்ட்லைனுக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வரும், கட்டிடத்தில் விளக்கணைந்தாலும் லைன் உயிரோடு இருக்கும். ஃபைபரில் அது கிடையாது. கணினி, ரவுட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச், ஃபைபர் பெட்டி, கேட்வே, சென்சார்களுக்கு மின்சாரம் தரும் சிறு பவர் சப்ளை என்று சங்கிலியில் உள்ள அத்தனையும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்றவை பேட்டரியில் சும்மா எரியும். இரண்டாவது பாதையாக, மொபைல் சிம் வழியாக அழைக்கும் ஜிஎஸ்எம் கேட்வே ஒன்று வையுங்கள். வாங்கும்போது ‘4ஜி’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பல கருவிகள் டேட்டாவுக்கு மட்டும்தான் 4ஜி, குரல் அழைப்புக்கு 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கும். அந்த வலையமைப்புகள் பல நாடுகளில் மூடப்பட்டுவிட்டன, மற்ற இடங்களிலும் மூடப்பட்டு வருகின்றன. 4ஜியிலேயே பேசவிடும் வோல்ட்டி குரல் அழைப்பு உங்கள் சேவையாளரின் சிம்மில் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டயல்பிளானில், டிரங்கே கிடைக்கவில்லை அல்லது நெரிசல் என்று பதில் வந்தால் மட்டும் இரண்டாவது பாதைக்கு மாறுங்கள். பிஸி, எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் மாறினால் அதே ஆளை இன்னொரு எண்ணிலிருந்து வீணாக அழைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சென்சார் கம்பி அறுந்தால்? நல்ல நிலையில் மூடியிருந்து, கோளாறில் திறக்கும் ரிலே தொடர்பையே பயன்படுத்துங்கள். கம்பி அறுந்தாலும் ரிலேக்கு மின்சாரம் போனாலும் அது அலாரமாகவே தெரியும். அந்தக் கணினியே செத்துவிட்டால்? அதை அதே கணினி சொல்ல முடியாது. வெளியே வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு சேவைக்கு அது ஐந்து நிமிடத்துக்கொருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லட்டும். இரண்டு மூன்று முறை சொல்லத் தவறினால் அந்தச் சேவை உங்களை அழைக்கட்டும். இந்த உயிர்ச்செய்தியை ஆஸ்டரிஸ்க் ஓடுகிறதா, டிரங்க் பதிவாகியிருக்கிறதா, சென்சார் அளவு புதிதாக வந்ததா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். கணினி ஓடினாலே அனுப்பிவிடும் என்றால் அதனால் பயனில்லை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிப்பின் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைத்தால் ரோபோக்கள் வந்து தட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே நுழைந்தால் உங்கள் செலவில் வெளிநாட்டுக்கு அழைப்பு விடும். ஃபயர்வாலில் சேவையாளரின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். டயல்பிளானில் பட்டியலில் உள்ள எண்களைத் தவிர வேறெதற்கும் வெளி அழைப்பு போகாதபடி செய்யுங்கள். சேவையாளரிடம் தினசரி வரம்பும் வையுங்கள். வெளியிலிருந்து அழைத்து நிலை கேட்கும் வசதி கொடுத்தால் பின் எண் கட்டாயம். அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்டுவது எளிது, அதை நம்பக் கூடாது. தொலைபேசிக் கீயால் இயந்திரத்தை மறுபடி ஓடவிடும் வசதியை யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கம்ப்ரஸருக்குள் ஒருவர் கைவிட்டுக்கொண்டிருக்கலாம்.

தீ எச்சரிக்கையை இதனோடு கலக்காதீர்கள். தீ அலாரம் பேனல்களுக்கும் அவை தகவல் அனுப்பும் வழிகளுக்கும் என்எஃப்பிஏ 72 போன்ற தனி நெறிமுறைகளும் தனிச் சட்டங்களும் உண்டு. நீங்களாகக் கட்டிய அமைப்பு அந்த இடத்தை நிரப்பாது. பேனலிலிருந்து ஒரு கூடுதல் தகவலாக வேண்டுமானால் அழைப்பு விடலாம்.

கடைசியாகச் சோதனை. மென்பொருளில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துவது குரலையும் லைனையும்தான் சோதிக்கும். மாதம் ஒருமுறையாவது சென்சார் முனையிலிருந்து தொடங்குங்கள்: உறை அறை சென்சாரை வெளியே எடுத்துப் பிடித்து எல்லையைத் தாண்டவையுங்கள், இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு இரண்டாம் பாதை வேலை செய்கிறதா பாருங்கள், யுபிஎஸ்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு சுற்று அழைப்பு விடுங்கள். முதலாமவரிடம் எடுக்காமல் இருக்கச் சொல்லி இரண்டாமவருக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் அளந்துபாருங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம், எண், லைன் தந்த பதில், வந்த கீ ஆகியவை லாகில் இருக்கட்டும். ‘வெற்றி’ என்ற சொல்லை லாகிலிருந்தே எடுத்துவிட்டு ‘இன்னார் ஏற்றார்’, ‘கீ வரவில்லை’ என்ற இரண்டை மட்டும் எழுதவையுங்கள். யாராவது வேலையை விட்டுப் போனாலோ எண்ணை மாற்றினாலோ அன்றே பட்டியலைத் திருத்தி, புது எண்ணுக்கு ஒரு சோதனை அழைப்பு விட்டுக் கீயை வாங்குங்கள்; அந்தக் கீ வந்த பிறகே பழைய எண்ணை நீக்குங்கள்.